நாலு சிறகுச் சக்களத்தி

மதலேனுக்குச் சக்களத்தி வந்து சேர்ந்தது கடல்வழியாக. ஒரு செவ்வாய்க்கிழமை, உலை கொதித்து வருகிற நேரம், கொம்புமுனைக் கடற்கரையில் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து கயிறு பிடித்து இழுக்க, பெண்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓட, மேலே இரண்டு கீழே இரண்டாக நாலு சிறகும், நடக்க இரண்டு சக்கரமும், மூக்கில் ஒரு மர விசிறியும், உள்ளே உட்கார ஆளில்லாத ஒரு குழியுமாக அது கரையேறியது. மதலேன் ஓடவில்லை. அரிசியைக் களைந்து போட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டாள். அந்த அரைநாழிகைதான் தன்னைக் கெடுத்தது என்று பிறகு எத்தனையோ நாள் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கொம்புமுனையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் நாதியில்லாமல் மிதந்து வருகிற எதுவானாலும், மரத்தடியோ பீப்பாயோ ஒடிந்த பாய்மரமோ, முதலில் பார்த்தவனுக்குச் சொந்தமில்லை, முதலில் தொட்டவனுக்கும் சொந்தமில்லை. மூச்சு விடாமல் அதில் மூன்று முடிச்சுப் போட்டவனுக்குத்தான் சொந்தம். முதல் முடிச்சு கடலுக்கு, இரண்டாவது மாதாவுக்கு, மூன்றாவது தனக்கு. மதலேனின் புருஷன் கயித்தான் அன்று கட்டுமரத்தில் தனியாகப் போயிருந்தவன், நடுக்கடலில் மூக்குக் கீழாகவும் வால் மேலாகவும் கிடந்த அதைப் பார்த்து, கயிற்றை எடுத்துக்கொண்டு குதித்து, சுற்றிவர நீந்திப் பார்த்திருக்கிறான். சிறகெல்லாம் துணி, இழுத்தால் கிழியும். வாலெல்லாம் குச்சி, இழுத்தால் ஒடியும். விசிறிக்குப் பின்னால் ஒரு இடம் மட்டும் ஒடுங்கி, கயிறு போடவென்றே செய்தது மாதிரி இருந்ததால், அங்கே மூச்சடக்கி மூன்று முடிச்சுப் போட்டுவிட்டான். அதைக் கழுத்து என்று அப்போது அவன் நினைக்கவில்லை. கரையில் நின்ற பெண்கள் நினைத்தார்கள்.

கரையில் கிடந்து நீரெல்லாம் வடிந்தபின் அது நீர்க்காகம் போல நாலு சிறகையும் விரித்து வெயிலில் காய்ந்தது. கயித்தான் கிட்டே போனதும் சிறகுகளைப் பின்னால் மடித்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. கப்பலில் இடம் குறைச்சல், அதனால் மடங்குகிற மாதிரி செய்திருப்பார்கள் என்று இன்றைக்கு யாரும் சொல்லிவிடலாம். அன்றைக்கு அதைப் பார்த்த பெண்களுக்கு, அந்நிய ஆண் கிட்டே வந்ததும் முந்தானையை இழுத்து மூடுகிறவள்தான் தெரிந்தாள். பிறகு கயித்தான் பசிக்கிறது என்று வீட்டுக்கு நடந்தான். அவன் பின்னாலேயே, யாரும் தள்ளாமல், யாரும் இழுக்காமல், கயிறு மணலில் புரள, அது உருண்டு வந்தது. ஐந்து வீடு தாண்டி, கிணற்றடி தாண்டி, கயித்தான் வீட்டு வாசலில் வந்து நின்றது.

மதலேன் அகப்பையும் கையுமாக வெளியே வந்தாள். முதல் வார்த்தை சொன்னது பக்கத்து வீட்டிலிருந்த அவள் நாத்தனார் பிரகாசி. "மைனி, எங்கண்ணன் ஒங்களுக்குத் தொணைக்கு ஆள் கூட்டிட்டு வந்திருக்கு. கழுத்தப் பாருங்க, மூணு முடிச்சு."

கேலிதான். ஆனால் கொம்புமுனையில் கேலியும் கருவாடும் ஒன்று; காலையில் ஈரமாகக் காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் விறைத்துவிடும். பொழுது சாய்வதற்குள் பிரகாசியின் கேலி ஊர் நியாயமாகிவிட்டது. கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டிருக்கிறான், மாதா பேரைச் சொல்லிப் போட்டிருக்கிறான், போட்டவன் பின்னாலேயே வந்து வாசலில் நிற்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். நாலு பெண்கள் ஆலம் கரைத்துக்கொண்டு வந்து சுற்றி, விசிறியின் நடுவில் ஒரு பொட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். மதலேனின் இரண்டு பெண்பிள்ளைகளும் மறுநாளே 'சித்தி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கோவிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் வியாகுலம்தான் திண்டாடிப் போனார். மாதம் ஒருமுறை பூசை வைக்க வருகிற பங்குச்சாமிக்கு அவர் கடிதம் எழுதவேண்டும். 'அது வந்தது' என்று எழுதுவதா, 'அவள் வந்தாள்' என்று எழுதுவதா என்று முழுசாக ஒரு பகல் உட்கார்ந்து யோசித்து, கடைசியில் இரண்டும் வராத மாதிரி சுற்றி வளைத்து எழுதி அனுப்பினார். சாமி பதில் எழுதினார்: உயிரில்லாத பொருளுக்கு மெய்விவாகம் கிடையாது, ஆனால் மாதா பேரில் போட்ட முடிச்சை அவிழ்க்கச் சொல்ல எனக்கு மனமில்லை, ஊருக்கு உபயோகமாக இருந்தால் இருக்கட்டும், ஞானஸ்நானம் மட்டும் கொடுத்துவிடாதீர். உபதேசியார் அந்தக் கடிதத்தைக் கோவில் வாசலில் எல்லோரும் கேட்கும்படி வாசித்தார். வாசித்த கையோடு ஒரு ஜெபமாலையை எடுத்துவந்து அந்த ஆளில்லாத குழிக்குள் வைத்தார். அதன்பிறகு ஊரில் எல்லோரும் அவள் என்றே சொன்னார்கள்.

மதலேன் மட்டும் அது என்றே சொன்னாள். சாகும்வரை அது என்றே சொல்வது என்று வைராக்கியம் வைத்துக்கொண்டாள். வேறு எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் பாவம், ஊரே ஒரு பக்கம் போய்விட்டபோது?

ஊர் ஒரு பக்கம் போனதற்குக் காரணம் இருந்தது. விடிந்ததும் சக்களத்தி மணலில் ஓடி எழும்பி, கழுத்துக் கயிறு கீழே தொங்க, கடலுக்கு மேலே வட்டமிடுவாள். மீன்கூட்டம் இடது பக்கம் என்றால் இடது சிறகைச் சாய்ப்பாள், வலது பக்கம் என்றால் வலதைச் சாய்ப்பாள், ஒன்றுமில்லை என்றால் நேராகப் போவாள், ஆண்கள் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். ஒருமுறை சுறாக்கள் வந்து வலையைக் கிழித்தபோது மூக்கருகே இருந்த இரண்டு குழாய்களாலும் தண்ணீரைப் பார்த்துப் படபடவென்று இருமினாள். அன்றைக்கு ஊர் முழுக்கச் சுறாப்புட்டு. கீழ்ச்சிறகுக்கு அடியில் எட்டு இரும்புப் பிடிகள் இருந்தன. அவை குண்டு மாட்டுவதற்கானவை என்று பின்னால் தெரிந்தது. குடம் மாட்டத்தான் வைத்திருக்கிறார்கள் என்று கொம்புமுனைப் பெண்கள் ஒருத்தரும் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள். ஊர்க் கிணறு உப்பு; நல்ல தண்ணீர்க் கிணறு பனங்காட்டுக்கு அப்பால் இரண்டு மைல். பெண்கள் கைவீசிக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு போய், எட்டு எட்டுக் குடமாக நிரப்பி மாட்டுவார்கள். அவள் ஒரு சொட்டுச் சிந்தாமல் பறந்துபோய் இறக்கிவிட்டு மறுபடி வருவாள். இடுப்பில் குடம் வைத்துத் தழும்பேறிப்போன பெண்களுக்கு அதைவிடப் பெரிய புதுமை இருக்க முடியுமா என்ன?

மதலேன் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. கூட்டம் போய்த் திரும்பியபிறகு, உச்சிவெயிலில், தன் குடத்தைத் தானே இடுப்பில் வைத்துத் தனியாக இரண்டு மைல் போய் வந்தாள். வழியில் நிழல் ஒன்று அவள் தலைக்கு மேலே கடந்து போகும். நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.

இதெல்லாம்கூடப் பொறுத்திருப்பாள். கயித்தான் செய்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அடுப்படிக் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருக்க, அவன் வீட்டுக்குப் பக்கத்தில், வீட்டைவிட உயரமாக, புது ஓலை போட்டு அவளுக்கு ஒரு கொட்டகை கட்டினான். கந்தல் சிறகை மடியில் போட்டுக்கொண்டு, நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு, வலை ஊசியால் அவன் தைத்த தையல் ஒவ்வொன்றும் எறும்பு வரிசை மாதிரி இருந்தது. அதே கையால் மதலேனுக்கு ஒரு பொத்தான் தைத்துக் கொடுத்தது கிடையாது. புன்னை எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தான். உப்புப் படியக்கூடாது என்று காலையிலும் மாலையிலும் துடைத்தான்.

அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. சக்களத்தி சாராயம் குடித்தாள். வேறு எதைக் கொடுத்தாலும் விசிறி சுற்றவில்லை. பனஞ்சாராயம் ஊற்றினால் சுற்றியது. ஊரில் கிடைக்கிற சாராயம் கொஞ்சம். கயித்தான் தன் பங்கை முழுசாக அவளுக்கு ஊற்றிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் படுத்தான். பதினொரு வருஷம் மதலேன் அழுதிருக்கிறாள், பட்டினி கிடந்திருக்கிறாள், தாலியைக் காட்டிச் சத்தியம் கேட்டிருக்கிறாள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு மூன்று முறை போயிருக்கிறாள். விடாத குடியை அவன் ஒரே நாளில் விட்டான். ஊர் அவனைப் புகழ்ந்தது. குடிகாரன் பெண்டாட்டி என்ற பெயர் போய்விட்டதே, சந்தோஷமாக இரேன் என்று பிரகாசி சொன்னாள். மதலேனுக்கு அடிவயிற்றில் இருந்து எரிந்தது. புருஷன் திருந்தியதற்காக வயிறு எரிந்த பெண் அந்தக் கரையில் அவள் ஒருத்திதான்.

ஒருநாள் வாய்விட்டே கேட்டாள். "நான் கேட்டு விடாதத அது கேக்காமலே விட்டீரே. அப்படி என்ன இருக்கு அதுகிட்ட?"

கயித்தான் கையிலிருந்த வலை ஊசியைக் கீழே வைத்தான். பொய் சொல்லத் தெரியாதவன், அதுதான் அவனிடம் இருந்த ஒரே கெட்ட குணம் என்று இப்போது தோன்றுகிறது. "எனக்குத் தெரியலளா," என்றான். "சாயங்காலம் அவ தூரத்துல வரும்போது வாலுக்குக் கீழ ஒரு கொக்கிய எறக்குதா பாத்தியா. கரையில இத்தன பேர் இருக்க, அத எனக்காகத்தான் எறக்குதா. அதப் பாத்தா நெஞ்சு ஒரு மாதிரி ஆயிருது."

மறுநாள் பகலில், ஆண்கள் உறங்குகிற நேரம் பார்த்து, மதலேன் கொட்டகைக்குள் போனாள். வலை பின்னிப் பின்னிக் காய்ந்துபோன விரல்கள் அவளுக்கு. அவிழாத முடிச்சு என்று ஒன்றை அந்த விரல்கள் கண்டதில்லை. ஆனால் மூச்சடக்கிப் போட்டதை மூச்சடக்கித்தான் அவிழ்க்கவேண்டும், நடுவில் மூச்சு விட்டால் எல்லாம் பழையபடி இறுகிவிடும். மூச்சை இழுத்துக்கொண்டு கழுத்தைத் தொட்டபோது, அது பின் உடம்பை உயர்த்தி, மூக்கைத் தாழ்த்தி, அவளுக்கு எட்டும்படி கழுத்தைக் காட்டியது. என்ன திமிர், அவிழ்த்துத்தான் பாரேன் என்கிறது என்று மதலேனுக்குத் தோன்றியது. அந்தக் கோபத்திலேயே இரண்டு முடிச்சு அவிழ்ந்துவிட்டது. மூன்றாவதில் நகம் வைத்தபோது மூச்சு முட்டி வாயைத் திறந்துவிட்டாள். மூன்று முடிச்சும் கண்முன்னால் இறுகின.

அப்படி இருக்கும்போதுதான் கப்பல் வந்தது. கூரையைத் தட்டையாக்கிய பண்டகசாலை ஒன்று கடலில் நிற்பது மாதிரி அது தொலைவில் நின்றதையும், அதிலிருந்து ஒரு விசைப்படகு கீழ்க்கரை ஊர்களுக்கெல்லாம் போய் விசாரித்துக்கொண்டு வருவதையும் காலையிலேயே ஆட்கள் வந்து சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வலை வந்தது. சிறகை மடித்துக் கொட்டகைக்கு முன்னால் படுத்த மாதிரி நின்றவள்மேல் ஊர் வலையெல்லாம் போட்டு மூடி, மேலே ஓலையும் போட்டார்கள். யாரும் வாய் திறக்கக்கூடாது என்று உபதேசியாரே சொன்னார். சொல்லிவிட்டு எல்லோரும் மதலேனைப் பார்த்தார்கள். முன்பே ஒருநாள் கிணற்றடியில், யார் வந்து கேட்டாலும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். பிரகாசி வந்து கெஞ்சினாள். பிள்ளைகள் வந்து அழுதார்கள். கயித்தான் வரவில்லை. வலைக்குவியலின் பின்னால் கயிற்றின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இளம் வெள்ளைக்காரத் துரை ஒருவன், வெயிலில் சிவந்த மூக்கோடு இறங்கினான். கூட ஒரு துபாசி, தூத்துக்குடிக்காரர், துரை பேசுவதை வார்த்தை பிசகாமல் தமிழில் சொல்வதில் கெட்டிக்காரர். வெள்ளைக்காரர்கள் கப்பலையும் விமானத்தையும் பெண்ணாக வைத்துப் பேசுவார்கள் என்பது ஊருக்குத் தெரியாது. துபாசிக்குத் தெரியும், தெரிந்தும் அவர் அப்படியே சொன்னார்.

"துரை கேட்கிறார், அவள் இந்தக் கரைக்கு வந்தாளா?"

ஊர் அப்படியே உறைந்து நின்றது. துரையும் அவள் என்றுதான் சொல்கிறான்.

"அவள் எங்கள் கப்பலுக்கு உரியவள். பதினெட்டுப் பேர் போனார்கள், அவள் ஒருத்தி மட்டும் திரும்பவில்லை. ஓட்டியவர் குதித்துத் தப்பித்துவிட்டார், அவளைத்தான் காணவில்லை. சாயங்காலம் வீடு திரும்பும்போது வாலுக்கடியில் கொக்கியை இறக்குவாள். கப்பல் தளத்தில் குறுக்கே கயிறு கட்டியிருக்கும். கொக்கி அதில் மாட்டினால் கப்பல் அவளைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். கொக்கிதான் அடையாளம்."

மதலேன் அதைக் கேட்டாள். கேட்டதும் மற்ற யாருக்கும் விளங்காதது அவளுக்கு விளங்கிவிட்டது. பொறாமைக்காரிக்குக் காது கூர்மை. தினமும் சாயங்காலம் அந்தக் கொக்கி யாருக்காக இறங்கியது என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் திரும்பிக் கயித்தானைப் பார்த்தாள். அவனும் கேட்டிருக்கிறான், ஆனால் கேட்டது மண்டையில் ஏறவில்லை, ஏறவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். கப்பலிலிருந்து ஒரு நீண்ட சங்கொலி வந்தது. வலைக்கடியில் சிறகுகள் வெடவெடத்தன. கயிறு அவன் கையிலிருந்து இழுபட்டது. கயித்தான் குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, சத்தம் வராமல் அழுதான். மூத்த மகன் பிறந்த மூன்றாம் நாள் செத்தபோது இவன் அழவில்லை. மதலேன் மூன்று முறை போனபோதும் அழவில்லை.

துபாசி அவளைப் பார்த்துக் கேட்டார், அந்தக் குவியலில் என்ன அசைகிறது அம்மா என்று.

ஒரு வார்த்தை போதும். விரலை நீட்டினாலே போதும், சாயங்காலத்துக்குள் கொட்டகை காலியாகிவிடும். ஆனால் காலியான கொட்டகையின் முன்னால் கயித்தான் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பதும் அவளுக்குத் தெரிந்தது. இருக்கிறவளோடு சண்டை போடலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், இவளைவிட எனக்கு என்ன குறைச்சல் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். போனவள் புருஷன் மனசில் ஏறி உட்கார்ந்துகொண்டால் எந்தப் பெண்டாட்டியால் இறக்க முடியும்? தன் புருஷன் இன்னொருத்தியை நினைத்து ஆயுசுக்கும் அழுவதைப் பார்க்க அவளால் ஆகாது. பாசத்தால் அல்ல, வயிற்றெரிச்சல்தான்.

"அது..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். "அவ எம் புருசனுக்கு ரெண்டாந்தாரம். எனக்குச் சக்களத்தி. ஒடம்பு சரியில்ல, மூடிப் படுத்துக் கெடக்கா."

துபாசி அதையும் வார்த்தை பிசகாமல் சொன்னார். துரையின் முகம் மூக்கைவிடச் சிவந்தது. இந்த நாட்டில் மூடிப் படுத்திருக்கிற பெண்களைப் பார்க்கக்கூடாது என்று அவனுக்கு யாரோ நன்றாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தொப்பியைக் கழற்றி, குவியலுக்கு முதுகைக் காட்டி நின்று, தொந்தரவுக்கு மன்னிக்கவேண்டும் என்று மதலேனிடம் சொல்லச் சொன்னான். படகு போயிற்று. மத்தியானத்துக்குள் கப்பலும் போயிற்று.

ஊர் அவளைக் கொண்டாடியது. உபதேசியார் உத்தமி என்றார். பிரகாசி கட்டிப்பிடித்துக்கொண்டாள். கயித்தான் வந்து எதிரில் நின்று, "ஒன்ன மறக்கமாட்டேம்ளா," என்றான். "ஒமக்காகச் சொல்லல," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். மறுநாளே அவன் அடுப்படிக் கூரையில் ஏறிப் புது ஓலை வேய்ந்தான். ஒழுகாத அடுப்படியில் உட்கார்ந்தபோதும் அவளுக்கு ஆறவில்லை. இது நன்றிக்கு வேய்ந்த கூரை, கொட்டகை ஆசைக்கு வேய்ந்தது, இரண்டும் ஒன்றாகுமா?

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் கடற்கரைக்குப் போனாள். கயித்தான் வழக்கம்போலத் தலையை வாரிச் சட்டை போட்டுக்கொண்டு, கயிறு பிடிக்க நின்றிருந்தான். அவனுக்குத் தெரியாமல் தள்ளி ஒரு வள்ளத்தின் மறைவில் நின்றாள் மதலேன். அந்த நேரத்தில் இதுவரை அவள் வந்ததேயில்லை. விமானம் தென்கிழக்கிலிருந்து வந்தது. கரைக்கு வரவில்லை, வெறுங்கடலுக்கு மேலே, கப்பல் நின்ற இடத்துக்கு மேலே, தாழ்ந்து, கொக்கியை இறக்கி, தண்ணீரைத் தொடுகிற மாதிரி போய், ஒன்றும் மாட்டாமல் எழும்பியது. மறுபடி சுற்றி வந்து தாழ்ந்தது. ஏழு தடவை. கயித்தான் ஏழு தடவையும் கையை உயர்த்தி ஆட்டினான். சாராயம் தீரப்போகிற சமயத்தில்தான் அது கரைக்கு வந்து இறங்கியது. இறங்கிய உடனே மூக்கைக் கடல்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. அவன் கழுத்தைத் தடவி, துடைத்து, என்னவோ பேசிவிட்டு, எண்ணெய் எடுத்துவர வீட்டுக்கு ஓடினான்.

மதலேன் கிட்டே போனாள். அது அவளுக்காகக் கழுத்தைத் தாழ்த்தியது. இப்போது அவளுக்கு அதில் திமிர் தெரியவில்லை. விரலை முடிச்சில் வைத்தாள். இந்த முறை மூச்சு போதும் என்று தெரிந்தது. வீட்டுப் பக்கம் எண்ணெய்க் கிண்ணத்தோடு கயித்தான் ஓடி வருவதும் தெரிந்தது, மணலில் கால் புதையப் புதைய, சின்னப் பையன் மாதிரி. இத்தனை நாள் அவள் நெஞ்சில் எரிந்ததெல்லாம் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. இவனை, தன் புருஷனை, ஒருத்தி வேண்டாம் என்கிறாளே என்று மதலேனுக்கு ஆத்திரமும் அவமானமுமாக வந்தது. முடிச்சிலிருந்து விரலை எடுத்து, அந்தக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா," என்றாள் மெதுவாக. "அந்தா வாறாரு பாரு. அந்த மனுசன ஒரேயொரு தடவ திரும்பிப் பாத்தாத்தான் என்னளா?"